‘மும்பை ஸ்பெஷல்’ என்ற வசைச்சொல்

கைக்கடிகாரம் சேகரிப்போரிடையே ‘மும்பை ஸ்பெஷல்’ என்றொரு சொல் வழங்குகிறது. இந்தியக் கடைத்தெருக்களில் டயலுக்குப் புது வண்ணம் பூசி, எழுத்துகளை மறுபடி அச்சிட்டு, வேறொரு கடிகாரத்தின் முட்களையோ கேஸையோ பொருத்தி மீண்டும் ஓட வைத்த பழைய கடிகாரம் என்பது அதன் பொருள். சொன்னவுடன் கேட்பவர் சிரிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே புழங்கும் இந்தச் சிரிப்பை இந்தியச் சேகரிப்பாளர்களும் கூச்சமின்றி வாங்கிக்கொண்டுவிட்டார்கள். பெங்களூரிலும் புனேயிலும் தில்லியிலும் கைநிறையச் சம்பாதிப்பவர்கள், தம் தாத்தாவின் கடிகாரத்தை முப்பது ஆண்டுகள் ஓட வைத்த மனிதரின் வேலையைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கப்படும் பொருள் பெரும்பாலும் எச்.எம்.டி. என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. பெயரே சொல்வதுபோல, அது கடிகாரத்துக்காகப் பிறந்த நிறுவனம் அன்று. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காகப் பிறந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. முதல் தொகுதிக் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு துமகூரு, ஸ்ரீநகர், ராணிபாக் என்று ஆலைகள் விரிந்தன. ஜனதா, பைலட், ஜவான், கோஹினூர், காஞ்சன், சோனா என்று பெயர்கள் பெருகின. பார்வையற்றோர் தொட்டு மணி பார்க்கும் பிரெய்ல் கடிகாரமும் அங்கே செய்யப்பட்டது. தேர்வில் தேறியவருக்கும் வேலை கிடைத்தவருக்கும் மாப்பிள்ளைக்கும் ஓய்வுபெறும் குமாஸ்தாவுக்கும் ஒரே பரிசுதான். இறக்குமதிக் கட்டுப்பாடும் கடத்தல் சரக்கும் சந்தையை ஆண்ட காலத்தில், நேர்வழியில் வாங்கி மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய இயந்திரமாக அது இருந்தது.

இந்தப் பெயர்களுக்குள் ஓடியது என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜனதாவைத் திறந்தாலும் பைலட்டைத் திறந்தாலும், சிட்டிஸன் வடிவமைப்பின் வழிவந்த, கையால் சாவி கொடுக்கும் அதே 17 கல் மூவ்மென்ட் குடும்பம்தான். டயல் மாறும், முள் மாறும், கேஸ் மாறும். உள்ளே ஓடுவது ஒன்றே. இது நிறுவனத்தின் சோம்பல் என்று நினைப்பவர் இயந்திரக் கருவித் தொழிலின் அடிப்படையையே அறியாதவர். ஒரு பாகத்தைப்போல் இன்னொரு பாகம் இருக்க வேண்டும், எதை எடுத்து எதில் பொருத்தினாலும் பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தொழிலே இருக்கிறது. அப்படிப் பிறந்த ஒரு கடிகாரத்தை மேசைமேல் வைத்து, ‘இதன் பேலன்ஸ் சக்கரம் இதனோடு பிறந்ததுதானா’ என்று விசாரிப்பது, ரயில் பெட்டியில் ஏறி அமர்ந்து அதன் சக்கரத்தின் குலம் கோத்திரம் கேட்பதுபோலத்தான்.

ஆனால் விசாரணை நடக்கிறது. அதற்கு ‘அசல்’ என்ற சொல் மந்திரமாகப் பயன்படுகிறது. டயல் அசலா, கிரவுன் அசலா, பின்மூடி அசலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ வந்தால் விலை ஏறும். ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும் பொருள் தீண்டத்தகாததாகிவிடும். இந்தச் சொல்லை வேண்டுமென்றே இங்கே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பிறப்பின் தூய்மையால் மதிப்பு, கலப்பால் இழிவு, தொட்டவர் கையால் தீட்டு என்ற மூன்றும் சேர்ந்த ஒரு முறை இந்தியர்களுக்குப் புதிதன்று. வேறொரு களத்தில் அதை எதிர்த்துக் கட்டுரை வாசிப்பவர்களே, கடிகாரப் பெட்டியைத் திறந்தவுடன் அதே கணக்கைப் போடுகிறார்கள்.

ஓடும் கடிகாரத்தின் பக்கம் வருவோம். ஜனதா மணிக்கு 18,000 முறை அடிக்கிறது. அதாவது நொடிக்கு 5, நாளொன்றுக்கு 4,32,000, ஓராண்டு நிற்காமல் ஓடினால் ஏறத்தாழ 15.77 கோடி. ஒவ்வோர் அடியிலும் உலோகம் கல்லோடு உரசுகிறது. அந்த உரசலைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய். எண்ணெய் காய்கிறது, பிசினாகிறது. தூசும் அதில் சேர்ந்தால் அதுவே உப்புத்தாளாகி அச்சுமுனையைத் தேய்க்கிறது. வியர்வை கிரவுன் வழியாக இறங்குகிறது. பருவமழைக் காலத்தின் ஈரம் டயலுக்கு அடியில் புகுந்து வண்ணத்தைக் கொப்பளிக்க வைக்கிறது. மெயின் ஸ்பிரிங் தளர்கிறது அல்லது ஒருநாள் அறுந்துபோகிறது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் கண்ணில் லென்ஸை மாட்டி, சாமணத்தால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழுவி, உலர்த்தி, தேய்ந்ததை மாற்றி, கல்லுக்குக் கல் எண்ணெய் வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். கடைமொழியில் அதற்கு ஓவர்ஹாலிங் என்று பெயர். ஐம்பது ஆண்டுக் கடிகாரம் ஒன்று இன்று சரியாக ஓடுகிறது என்றால், அதில் எதுவும் மாறவில்லை என்று அர்த்தமில்லை. மாற வேண்டியது உரிய காலத்தில் மாறியிருக்கிறது என்றே அர்த்தம். எதுவுமே மாறாத ஐம்பது ஆண்டுக் கடிகாரம் பெரும்பாலும் யாரும் கட்டாத கடிகாரம். சேகரிப்பாளர் கனவு காணும் ‘விற்காமல் கிடந்த பழைய சரக்கு’ அதுதான். அலமாரியில் தூங்கியதற்குப் பரிசு, கையில் உழைத்ததற்குத் தண்டனை.

வால்ட்டர் பெஞ்சமின் 1931இல் தன் நூல் பெட்டிகளைத் திறந்தபடி எழுதிய கட்டுரையைச் சேகரிப்பாளர்களில் படித்தவர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். சேகரிப்பவருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பயன்பாட்டைக் கடந்தது என்ற எண்ணம் அவர்களுக்கு ஆறுதலளிக்கிறது. புத்தகத்துக்கு அது பொருந்தலாம். படிக்காத புத்தகம் அலமாரியில் காத்திருக்கும். கடிகாரம் காத்திருப்பதில்லை. பூட்டி வைத்த பெட்டிக்குள்ளும் எண்ணெய் காய்ந்துகொண்டேதான் இருக்கும். நாற்பது கடிகாரம் வைத்திருப்பவர் நாற்பது பழுதுக் கடன்களையும் சேர்த்தே வைத்திருக்கிறார்; அந்தக் கடனைத் தீர்க்கக்கூடியவர் அவர் ஏளனம் செய்யும் அந்த ஒருவர்தான்.

இரட்டை அளவுகோலைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். சுவிஸ் பெருநிறுவனங்கள் தங்கள் பழுதுக் கூடங்களுக்கு வந்த கடிகாரங்களில் பாழான டயலைக் கழற்றிவிட்டுப் புது டயலைப் பொருத்தி அனுப்பிய வழக்கம் ஊரறிந்தது. சேகரிப்பாளர்கள் அதற்கு ‘சர்வீஸ் டயல்’ என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். விலை சற்றுக் குறையும்; ஆனால் யாரும் சிரிப்பதில்லை. ஜெனீவாவில் வெள்ளை மேலங்கி அணிந்தவர் மாற்றினால் சர்வீஸ். மும்பையில் பனியனோடு உட்கார்ந்திருப்பவர் மாற்றினால் ஸ்பெஷல். வெயிலில் பட்டு டயல் பழுப்பேறினாலும் அப்படியே. விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரமாக இருந்தால் அந்தப் பழுப்புக்கு ‘டிராபிகல்’ என்ற அழகிய பெயரும் கூடுதல் விலையும் உண்டு. வெப்பமண்டலத்தின் வெயிலுக்கு விலை உண்டு, வெப்பமண்டலத்தில் வாழும் மனிதர் அதைச் சரிசெய்த வேலைக்கு இல்லை.

2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா ஏலம் போனது. விலை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேல். அந்த விலை உலோகத்துக்கன்று, மூவ்மென்ட்டுக்கும் அன்று. ஒரு மனிதர் அதைக் கட்டி வாழ்ந்தார் என்பதற்கும், அவர் மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்த சில சொற்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஆக, பயன்பாடு மதிப்பைக் கூட்டும் என்பதைச் சேகரிப்பு உலகம் நன்றாகவே அறியும். பயன்படுத்தியவருக்குப் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹூப்ளியிலோ கோரக்பூரிலோ ஒரு தபால்காரர் இருபத்தைந்து ஆண்டுகள் கட்டி, மூன்று முறை டயல் மாற்றிய ஜனதாவுக்கு வரலாறு இல்லை. அதற்கு இருப்பது ‘குறை’ மட்டும்.

அசல் வழிபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரேடியம் ஓர் உதாரணம். கடந்த நூற்றாண்டின் முதற்பாதியில் இருட்டில் ஒளிர்வதற்காக டயலிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு பூசப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கிப் பூசிய இளம்பெண்கள் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். அந்தப் பூச்சு இன்று ஒளிர்வதில்லை. ஆனால் ரேடியம் 226இன் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். ஒளி போய்விட்டது, கதிர்வீச்சு போகவில்லை. ஆனாலும் அந்தப் பூச்சைச் சுரண்டி மாற்றியிருந்தால் விலை சரியும். நஞ்சாக இருந்தாலும் அசலாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. ஏமாற்று நடக்கிறதே? நடக்கிறது. எளிதில் கிடைக்கும் ஜனதாவை எடுத்து, கருப்பு டயல் அச்சிட்டு, ‘எழுபதுகளின் பைலட், அப்படியே கிடைத்தது’ என்று விற்கிறார்கள். உள்ளே ஒரே மூவ்மென்ட் என்பதால் இது சுலபம். எச்.எம்.டி. ஒருபோதும் வெளியிடாத நிறத்திலும் வடிவத்திலும் டயல்களைக் கற்பனையாக உருவாக்கி ‘அரிய வகை’ என்று தள்ளிவிடுவதும் உண்டு. வாங்குபவர் ஏமாறுகிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டயலுக்கு வண்ணம் பூசியதில் குற்றமில்லை. பூசியதை மறைத்ததில் இருக்கிறது. மறைத்தவர் விற்பவர். பூசியவர் டயலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ‘அரிய வகை’யின் லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. அதற்கும் மேலே, இந்தப் பொய்க்குச் சந்தையை உருவாக்கிக் கொடுத்தது யார்? மறு அச்சு டயலை மறு அச்சு டயல் என்று சொல்லி நியாய விலைக்கு விற்க முடியாதபடி அதை வசையாக்கியவர்கள்தாம். உண்மையைச் சொன்னால் விலை பாதாளத்துக்குப் போகும், பொய் சொன்னால் மூன்று மடங்கு என்ற நிலையை வைத்துக்கொண்டு, வியாபாரி ஏன் பொய் சொல்கிறார் என்று வியப்பது பாசாங்கு.

இன்னொரு எதிர்வாதமும் நேர்மையாகக் கேட்கப்பட வேண்டியது. கோயில்களில் மணல் வீச்சால் கல்லைச் சுத்தப்படுத்தியபோது கல்வெட்டுகளும் சிற்பங்களும் சிதைகின்றன என்று அறிஞர்கள் போராடினார்களே, டயலைச் சுரண்டிப் பூசுவதும் அதுபோன்ற அழிவுதானே? சில கடிகாரங்களுக்கு இது பொருந்தும். தொடக்க ஆண்டுகளில் சிட்டிஸன் பெயரும் சேர்ந்து அச்சான டயல்கள், அதிகம் செய்யப்படாத வகைகள், யாருக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற பொறிப்புள்ளவை ஆகியவற்றைத் தொடாமல் விடுவதே முறை. அவை ஆவணம். ஆனால் லட்சக்கணக்கில் அச்சான ஒரு டயல் கல்வெட்டு ஆகாது. அதே கோயிலில் தேரின் மரம் உளுத்தால் மாற்றுகிறார்கள், வடம் நைந்தால் புது வடம் திரிக்கிறார்கள். தேர் போலியாகிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை, ஏனென்றால் தேர் ஓட வேண்டும். எதைத் தொடக்கூடாது, எதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று பிரித்தறிவது ஆய்வாளரின் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே தூய்மை விதியைப் போடுவது ஆய்வாகாது.

ஆய்வாளர் என்ற சொல் வந்துவிட்டதால், பல்கலைக்கழகங்களையும் விட்டுவைக்க முடியாது. காலமும் உழைப்பும் பற்றிய எந்தக் கருத்தரங்கிலும் இ.பி. தாம்சனின் 1967 கட்டுரை தவறாமல் வரும். கடிகாரம் தொழிலாளியை எப்படி ஒழுங்குக்குள் அடைத்தது என்ற பகுதி வரும். அதே கட்டுரையில், கைக்கடிகாரம் ஏழையின் வங்கியாக இருந்தது, கஷ்டகாலத்தில் அடகுக்குப் போனது என்று தாம்சன் காட்டும் இடம் வருவதில்லை. டேவிட் எட்ஜர்டன் 2006இல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதாமல் பயன்பாடும் பராமரிப்பும் சார்ந்து எழுத வேண்டும் என்று வாதிட்டார். டேவிட் அர்னால்டு 2013இல் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை என்ற நான்கைக் கொண்டு இந்திய நவீனத்தின் அன்றாடத்தை எழுதிக் காட்டினார். அந்த நான்கில் கைக்கடிகாரம் இல்லை. யாரேனும் எழுதட்டும் என்று அது காத்திருக்கும்போதே, அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடையைச் சாத்துகிறார்கள்.

அவர்கள் ஏன் சாத்துகிறார்கள் என்பது மர்மம் அன்று. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைச் சந்தைக்கு அனுப்பியது. அதில் சாவி கொடுக்க வேண்டியதில்லை, நேரம் துல்லியம், பழுதென்றால் பெரும்பாலும் பேட்டரி. வாங்கியவர்களுக்கு அது நன்மையே. ஆனால் ஹேர்ஸ்பிரிங்கை மூச்சடக்கி நேராக்கத் தெரிந்த கைக்கு பேட்டரி மாற்றும் வேலைதான் மிஞ்சியது. மகன்கள் கைப்பேசி பழுதுக்குப் போனார்கள். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. துமகூரு ஆலையின் நிலம் இஸ்ரோவுக்குப் போனது. ஆலை மூடப்படும் என்ற செய்தி பரவிய பிறகுதான் ஆண்டுக்கணக்காக எவரும் திரும்பிப் பாராத கடிகாரம் ‘பாரம்பரியம்’ ஆயிற்று. ஜாலஹள்ளி அருங்காட்சியகத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில், இந்த ஆலைகள் நட்டத்தில் நலிந்த ஆண்டுகளில் அவற்றின் தொழிலாளர்களுக்காக ஒரு வரி எழுதியவர் எத்தனை பேர் என்று கேட்பது அநாகரிகமாகக் கருதப்படலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த ஏக்கத்துக்குப் பொருளாதார விளைவும் உண்டு. நல்ல டயலுள்ள ஓடாத கடிகாரத்துக்காக, ஓடிக்கொண்டிருக்கும் மூன்று கடிகாரங்கள் பாகங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஆலை இல்லாததால் புதுப் பாகம் வராது. இருப்பது சந்தையில் உள்ளது மட்டும். அதையும் மொத்தமாக வாங்கிப் பதுக்குவோர் இருக்கிறார்கள். கடைத்தெருப் பழுதுக்காரருக்கு ஒரு பேலன்ஸ் அச்சு கிடைப்பது குதிரைக்கொம்பாகிறது. பிறகு அவர் ஏதோ ஒன்றைத் தேய்த்துப் பொருத்தினால், ‘பார்த்தீர்களா, இந்தியப் பழுது’ என்று அதே கூட்டம் நகைக்கிறது.

கடிகாரத்துக்கு ஐயாயிரம், தோல் வாருக்கு இரண்டாயிரம் பேரம் பேசாமல் கொடுப்பவர், ஓவர்ஹாலிங்குக்கு அறுநூறு ரூபாய் என்றதும் ‘நானூறு வைத்துக்கொள்ளுங்கள், ஐயா’ என்கிறார். இரண்டு மணி நேர வேலை. ஐம்பது ஆண்டு அனுபவம். அந்த ஐயா தன் பேரனை இந்தத் தொழிலில் உட்கார வைக்காததற்குக் காரணம் தேடிக் களப்பணிக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

களப்பணிக்கு வேறு விஷயம் இருக்கிறது. கடிகாரத்தைப் பழுதுபார்த்தவர் பின்மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் ஒரு குறி கீறி வைப்பது பழைய வழக்கம்: ஒரு தேதி, இரண்டு எழுத்து, தனக்கு மட்டும் விளங்கும் ஓர் எண். அதே கடிகாரம் திரும்ப வந்தால் தன் வேலையா, பிறர் வேலையா என்று அறிவதற்காக. சில ஜனதாக்களின் பின்மூடியில் இப்படி ஐந்தாறு கைகளின் குறிகள் அடுக்கடுக்காக இருக்கும். இந்தத் தொழிலின் எழுத்து ஆவணமாக எஞ்சியிருப்பது ஏறக்குறைய இதுதான். விற்பனைக்காக மெருகேற்றும்போது அதை ‘கீறல்’ என்று துடைத்தெடுப்போர் உண்டு; உள்ளே சுத்தமாக இருந்தால் படம் நன்றாக வருமாம். கடிகாரம் வைத்திருக்கும் ஆய்வு மாணவர்கள் மெருகு போடுமுன் அதைப் படமெடுத்து, கடிகாரம் எந்த ஊரில் யார் கையில் ஓடியது என்று குறித்து வைத்தால், ஒரு துறை செய்யத் தவறியதன் முதல் பக்கமாவது எழுதப்படும். குறி கீறியவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். எண்ணைக் காட்டினால் எந்த வருடம், என்ன பழுது என்று அவர்களே சொல்வார்கள். பகல் பதினொன்றுக்குமேல் போக வேண்டும். வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் மட்டுமே இப்போது அவர்கள் கடை திறக்கிறார்கள்.